புகாரே வராத ஊர்

மலைமேல் ஒரு ஊர். ஆறு மாதமாக அங்கிருந்து ஒரு புகார்கூட வரவில்லை என்று, அங்கே டவர் நடத்தும் கம்பெனிக்கு விருது கொடுக்கத் தொலைத்தொடர்பு ஆணையத் தலைவரே வந்து மேடையேறினார்.

"யாரும் புகார் தராவிட்டாலும், நானாகவே விசாரணை தொடங்க எனக்கு அதிகாரம் உண்டு!" என்று மார்தட்டினார்.

கூட்டத்திலிருந்து பொன்னுருவி எழுந்தாள். மிளகு பறிக்கும் கூலிக்காரி. போன மாதம் புருஷனைப் பாம்பு தீண்டியபோது, அவன் மூச்சு அடங்கும்வரை 108-ஐ அழுத்திக்கொண்டே இருந்தவள்.

"ஐயா, எங்க சந்தோஷத்த அந்தப் புகார் நம்பருக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லுங்களேன்."

தலைவர் சிரித்தபடி போட்டார். மறுபடியும் போட்டார். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடை ஓரம்வரை நடந்தார். மணியே அடிக்கவில்லை.

"புகார் சொல்றதுக்கும் இதே போன்தாங்க" என்றாள் அவள். "நாங்க யாரும் புகார் தரல. நீங்களாவே தொடங்குங்க."

ஊரறியச் சொன்ன வாயாயிற்றே! விருது பெட்டிக்குள் போனது, விசாரணை தொடங்கியது. மூன்றே வாரத்தில் சிக்னலும் வந்தது.

பொன்னுருவி முதலில் 108-ஐத்தான் அழைத்தாள்.

"சொல்லுங்கம்மா, என்ன அவசரம்?"

"ஒண்ணுமில்லம்மா. எடுக்கறீங்களான்னு பாத்தேன்."

போனை வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.