மூக்கால் எதிரியைத் தேடிய படை

ஒரு காட்டில் காட்டுப்பன்றிப் படை ஒன்று காவல் காத்தது. தலைவன் பெயர் முரட்டுமூக்கன். அந்தப் படைக்கு ஒரே சட்டம்தான். ஈரமண் வாசனை வந்தால் எதிரி வந்துவிட்டான். உடனே தோண்டு, உறுமி இன்னும் பத்துப் பேரைக் கூப்பிடு! யோசிப்பதெல்லாம் சட்டத்தில் இல்லை.

காட்டு வாய்க்காலின் கரை ஓரிடத்தில் மெலிந்து, பலாப்பழம் போலப் புடைத்திருந்தது. கரை உண்டான நாளிலிருந்தே அது அப்படித்தான். அதன் அடியில் புல் புதருக்குள் செங்கழுத்தி என்ற கானாங்கோழி நான்கு முட்டைகளை அடைகாத்தாள். குஞ்சுகள் ஓட்டைக் கொத்தத் தொடங்கிவிட்டன.

அன்று பார்த்து, புடைப்பிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கசிந்தது. ஒரே சொட்டு!

"எதிரி! எதிரி!" முரட்டுமூக்கன் பாய்ந்து வந்து மூக்கால் கிளறினான். சொட்டு ஒழுக்கானது.

"ஐயோ தலைவரே, தோண்டாதீர்கள்! கரை உடைந்தால் என் முட்டைகள் போய்விடும்!"

"பயப்படாதே தங்கச்சி! பார், எதிரி பெருகுகிறான்! இன்னும் பத்துப் பேர் வாங்கடா!"

பத்துப் பேர் வந்தார்கள். ஒழுக்கு ஓடையானது. அந்த வாசனைக்கு நூறு பேர் வந்தார்கள். அடேயப்பா, என்ன உற்சாகம்! எதிரியே இல்லாத போரில் எல்லோரும் மாவீரர்கள்! ஒருவன் தன் வாலையே கடித்துவிட்டு, "பிடித்துவிட்டேன்!" என்று கத்தினான்.

தண்ணீர் கூட்டின் விளிம்பைத் தொட்டது. செங்கழுத்திக்கு உயிரே போய்விட்டது. அழுதால் இவர்கள் கேட்கமாட்டார்கள் என்று புரிந்துகொண்டாள். தூரத்துச் சேற்றுக்குட்டைக்குப் பறந்தாள்.

"எதிரி இங்கே இருக்கிறான்! உடம்பெல்லாம் ஈரம்!" என்று அலறினாள்.

மொத்தப் படையும் ஓடிவந்து தொப்தொப்பென்று சேற்றில் குதித்தது. எல்லோரும் உருண்டார்கள், புரண்டார்கள், போரையே மறந்தார்கள்.

கிளறுவார் இல்லாததால் சேறு படிந்து, ஓடை மீண்டும் ஒழுக்காகக் குறைந்தது. செங்கழுத்தி பறந்து வந்து புல்லும் களிமண்ணும் வைத்து அடைத்தாள். மாலைக்குள் நான்கு குஞ்சுகளும் வெளியே வந்துவிட்டன.

முரட்டுமூக்கன் மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தான். "பார்த்தாயா தங்கச்சி, எதிரியை விரட்டிவிட்டோம்! ஆனால் ஈரமண் வாசனை இன்னும் போகவில்லையே! எங்கே ஒளிந்திருக்கிறான்?"

"உங்கள் மூக்கின் மேல்தான், தலைவரே!"

மூளைக்குள் மெலிந்து புடைத்த ரத்தக்குழாயை உடம்பின் காவலர்களான வெள்ளை அணுக்களே மொய்த்துச் சில நேரம் கசியவைப்பதும் இப்படித்தான். எதிரி யாரென்று பாராமல் பாய்கிற காவல், தான் காக்க வந்ததையே உடைத்துவிடும்.