ஆறரை மணி வகுப்பு

"விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு பூட்டிக் கிடக்கலாமா, ஐயா?"

தண்டபாணி இதைக் கேட்டபோது மற்றவர்கள் மாடியிலிருந்து இறங்கிப் போயிருந்தார்கள். குரு ஆறுச்சாமி பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அவர் யோசிக்கவே இல்லை. "கூடாதுங்கண்ணா."

தண்டபாணிக்கு மனசு லேசாயிற்று. மூன்று நாளாக அவரை அரித்துக்கொண்டிருந்த கேள்வி அது.

ஆறுச்சாமிக்குக் கணபதி என்ற பகுதியில் சைக்கிள் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. வீட்டின் மொட்டைமாடியில் தினமும் மாலை ஆறரைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து கண்ணை மூடி உட்காருவார்கள். கேட்டால் குரு பேசுவார், கேட்காவிட்டால் பேசமாட்டார். தண்டபாணி பம்பு கம்பெனியில் டிசைன் பிரிவுக்கு மேலாளர். குருவைவிட எட்டு வயது மூத்தவர். சின்னவரை ஐயா என்று கூப்பிடும் கூச்சம் முதல் வாரத்தோடு போய்விட்டது. குரு மட்டும் பதினோரு வருஷமாக அவரை அண்ணா என்றே அழைத்து வருகிறார்.

"வீடு பூட்டிக் கிடக்கிற மாதிரி என்னங்க வந்துச்சு?" என்றார் குரு.

"சம்சாரம் கணக்கில் எம்.எஸ்ஸி. இத்தனை வருஷமா வீட்டோட இருந்தவளை ஒரு டியூஷன் சென்டர்ல கூப்பிடறாங்க. பிளஸ் டூ பசங்களுக்குச் சாயங்காலம் அஞ்சு முதல் எட்டு வரைக்கும். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். நானும் இங்கே வந்துடறேன். அவளும் போயிட்டா வீடு பூட்டித்தானே கிடக்கும்? எங்க குடும்பத்துல அந்த வழக்கம் கிடையாதுங்க. அம்மா காலத்துலருந்து விளக்கு வைக்கிறப்ப கதவு திறந்துதான் இருக்கும்."

குரு கடைசிப் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

"நாளைக்கு ஆறுக்கு முன்னாடியே வாங்கண்ணா. மாடிக்கு வேண்டாம். வீட்டுக்கு வாங்க."

*

அம்சவேணி சாப்பாட்டு மேசையில் கணக்குப் புத்தகத்துக்குப் பழுப்பு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னார் உங்க ஐயா?"

"கூடாதுன்னுட்டார்."

அவள் கை நின்றது. "வீடு பூட்டிக் கிடக்கக் கூடாதுன்னாரா?"

"ஆமா."

"அவர் சம்சாரம் அந்த நேரத்துல வீட்டுல இருப்பாங்களோ?"

"இருப்பாங்க."

"பார்த்திருக்கீங்களா?"

தண்டபாணி செருப்பைக் கழற்றுவதில் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். மாடிப்படி வெளிப்பக்கமாகவே ஏறிப் போகும். வீட்டுக்குள் போக வேண்டி வந்ததே இல்லை. "இல்ல."

"பதினோரு வருஷமாப் போறீங்க," என்று சிரித்தாள் அம்சவேணி. பாதி அட்டை போட்ட புத்தகத்தை ஃப்ரிட்ஜ் தலையில் வைத்துவிட்டுத் தோசைக்கல்லை எடுத்தாள். கோபமாகத் தெரியவில்லை. அதுதான் அவரை உறுத்தியது.

*

மறுநாள் கம்பெனியில் அனுமதி வாங்கிக்கொண்டு ஐந்தே முக்காலுக்குப் போனார். கதவு திறந்திருந்தது. ஆறுச்சாமி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். உள்ளே குக்கர் ஒரு விசில் அடித்தது.

"உட்காருங்கண்ணா. கை சும்மாத்தானே இருக்கு?" என்று ஒரு தட்டில் சின்ன வெங்காயத்தையும் சிறு கத்தியையும் எதிரே வைத்தார்.

தண்டபாணி ஒன்றை எடுத்தார். தோலோடு பாதி வெங்காயமும் கையோடு வந்துவிட்டது.

"வீட்டம்மா வெளியே போயிருக்காங்களா, ஐயா?"

"மயிலாத்தாளா? ஆஸ்பத்திரியில நர்சுங்க. மத்தியானம் ரெண்டு மணிக்குப் போனா வர்றதுக்கு ஒம்பது ஆயிரும்."

"தினமுமா?"

"பதிமூணு வருஷமா."

குரு கை கழுவினார். சாமி மாடத்தில் திரியைத் தூண்டி விளக்கேற்றினார். ஒரு அகலைக் கொண்டுபோய் வாசல்படியோரம் வைத்தார். அரை நிமிஷம் நின்றார். பிறகு அடுப்படிக்குப் போய்ப் புளியைக் கரைத்தார்.

தண்டபாணி கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "ஆம்பளை ஏத்தலாமுங்களா, ஐயா?"

குரு திரும்பி விளக்கைப் பார்த்தார். "எரியுதுங்களா?"

"எரியுது."

"அப்புறம் என்னங்கண்ணா?"

இன்னொரு விசில் வந்தது. ஆறுச்சாமி அடுப்பைத் தணித்தார்.

"வகுப்பு ஆறரைக்கு வச்சிருக்கீங்களே, ஐயா," என்று மெதுவாக ஆரம்பித்தார் தண்டபாணி. அந்த நேரத்தில்தான் மூச்சு இடது நாசியிலிருந்து வலது நாசிக்கு மாறும் என்று மாடியில் வெகு நாளாக ஒரு பேச்சு உண்டு. தண்டபாணி அதை விளக்கிக் குறிப்பேட்டில் நாலு பக்கம் எழுதியே வைத்திருந்தார். "அது எதனால்?"

"சாதம் இறக்கி, குழம்பு கூட்டி, குளிச்சுட்டு மேல வர்றதுக்கு ஆறரை ஆயிடுதுங்கண்ணா. ஆறுக்கு வச்சுப் பார்த்தேன். ரெண்டு நாள் அடி பிடிச்சிருச்சு."

தண்டபாணிக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றும் போனது.

"இத்தனை வருஷத்துல இதை ஒரு நாள்கூட எங்ககிட்ட சொல்லலையே, ஏன்?"

குரு உப்புப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். பதில் இல்லை.

"நான் வீட்டுல இருந்தா வகுப்பு போயிடுமே, ஐயா. இங்கே கிடைக்கிற அமைதி எனக்கு வேற எங்கேயும் கிடைச்சதில்லீங்க."

"மேல கண்ணை மூடி உட்கார்றப்ப, உங்க வீட்டு விளக்கு எரியுதோ இல்லையோன்னு ஒரு நாளாச்சும் நினைச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"ஏன்?"

"அவ இருக்காளே."

சொன்ன பிறகுதான் அது தண்டபாணியின் காதில் விழுந்தது. பதினோரு வருஷம். மழை, காய்ச்சல், பெண் பிள்ளையின் பரீட்சை, எதுவும் கண்ணுக்குள் வந்ததில்லை. மனசு அடங்கியது தன் சாதனை என்று இதுவரை நினைத்திருந்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. குனிந்து குருவின் காலைத் தொடப் போனார்.

ஆறுச்சாமி சட்டென்று பின்வாங்கினார். "வெங்காயத்தை மிதிச்சிரப் போறீங்க. இன்னைக்கு மாடிக்கு வேண்டாங்கண்ணா. வீட்டுக்குப் போங்க."

*

விளக்கைத் தானே ஏற்றுவதாகத் தண்டபாணி வந்து சொன்னதும் அம்சவேணி வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கவில்லை. அன்றே சென்டருக்குப் போன் செய்தாள். புத்தகத்தின் மீதி அட்டையைத் தண்டபாணி போட்டார். மூலை கோணலாக இருந்தது. "நாலு நாள் தாங்குவீங்களா?" என்றாள். "பார்ப்போம்," என்றார்.

முதல் நாள் திரி எங்கே இருக்கிறது என்று தேடவே கால் மணி நேரம் ஆயிற்று. விளக்கை ஏற்றிக் கதவைத் திறந்து வைத்து, ரசத்துக்குத் தக்காளியைப் பிசைந்து வைத்தார். அப்புறம் செய்ய எதுவும் இல்லை. அபார்ட்மென்ட் லிஃப்ட் அவர்கள் இருந்த மூன்றாம் மாடியில் நிற்கும் ஒவ்வொரு முறையும் எழுந்து போய்ப் பார்த்தார். ஏழரையிலிருந்து எட்டே கால் வரை இவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியாது. அந்த நீளத்தை இருபத்தாறு வருஷமாக ஒருத்தி உட்கார்ந்து கழித்திருக்கிறாள்.

எட்டே காலுக்கு லிஃப்ட் திறந்தது. புடவைத் தலைப்பில் சாக்பீஸ் தூளோடு வந்த அம்சவேணி வாசலுக்கு வராமல் லிஃப்ட் பக்கத்து நடையிலேயே நின்றுவிட்டாள்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. நம்ம வீட்டு விளக்கை வெளியிலிருந்து வர்றப்ப பார்த்ததே இல்ல. எவ்வளவு அழகா இருக்கு!" என்றாள். "ரொம்ப நன்றிங்க."

நன்றி, தண்டபாணி சொல்லியிருக்க வேண்டிய சொல். "ரசம் சூடா இருக்கு," என்றார்.

*

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தண்டபாணி சைக்கிள் கடைக்கு வந்தார். கையில் ஒரு பை. ஆறுச்சாமி ஒரு சக்கரத்தைச் சுழற்றி, கம்பிகளை முடுக்கிக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணா. அடி பிடிக்காம வடிக்கிறீங்களா?"

"இப்பல்லாம் பிடிக்கறதில்லீங்க." தண்டபாணி பையிலிருந்து பளபளவென்று ஒரு பொன்னாடையை எடுத்து விரித்தார். "இது உங்களுக்குச் சேர வேண்டியது, ஐயா. உங்களாலதான் என் கண் திறந்துச்சு. போர்த்திக்கணும்."

"எங்கே வாங்கினீங்க?"

"வாங்கலீங்க. நேத்து எங்க அபார்ட்மென்ட் ஆண்டு விழா. மனைவியை வேலைக்கு அனுப்பிட்டுத் தானே விளக்கேத்திச் சமைக்கிற மனுஷர்னு செக்ரெட்டரி மேடையில ஏத்தி எனக்குப் போர்த்திவிட்டாரு. எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க."

"அந்தம்மா?"

"முன் வரிசைதான். அவளும் தட்டினா." தண்டபாணியின் குரல் தாழ்ந்தது. "அப்பறம் ராத்திரி எனக்குத் தூக்கம் வரலீங்க, ஐயா. ஏன்னு புரியல. சந்தோஷப்பட வேண்டிய விஷயந்தானே?"

ஆறுச்சாமி சக்கரத்தை நிறுத்தினார். கிரீஸ் கையைப் பழைய வேட்டித் துணி ஒன்றில் நன்றாகத் துடைத்தார். பொன்னாடையை வாங்கி, மடிப்புக் கலையாமல் நாலாக மடித்தார்.

"அன்னைக்கு அடுப்படியில ஒண்ணு கேட்டீங்க. ஏன் ஒரு நாளும் சொல்லலைன்னு."

"ஆமாங்க, ஐயா. நீங்க பதில் சொல்லலை."

குரு பொன்னாடையைத் திரும்ப அவர் கையில் வைத்தார்.

"இதுக்குப் பயந்துதாங்கண்ணா."