நூற்றறுபதில் ஒருத்தி

"முகம் வரமாட்டேங்குது, டீச்சர்," என்றார் சபாநாதன்.

ரெஜினா டீச்சர் தூரிகையைப் பெயிண்ட் தின்னரில் அலசிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரோட முகம்?"

"வடிவோட முகம்."

தூரிகை நின்றது.

போத்தனூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் டீச்சரின் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னறை மேஜையில் சின்ன ரயில்கள் ஓடும். நிஜ ரயிலை அளவு பிசகாமல் குறுக்கிச் செய்தவை. பொம்மை என்று யாராவது சொல்லிவிட்டால் அவர்களுக்குக் காபி கிடையாது.

டீச்சர் பள்ளியில் டிராயிங் எடுத்தவர். இங்கே அவருக்கு இரண்டே சீடர்கள். இருவருமே அவரைவிட வயதில் மூத்தவர்கள்.

ஒருவர் சபாநாதன். வடக்கே, மத்தியப் பிரதேசத்து இத்தார்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்.

இன்னொருவர் ஜெரால்டு. நிஜ ரயிலையே ஓட்டியவர்.

"ஏனுங்கண்ணா, ஒரு ஊரையே ஆட்டோவுல போட்டுக் கொண்டாந்துட்டீங்க," என்றார் ஜெரால்டு.

சபாநாதன் தான் கொண்டுவந்ததைச் சுற்றியிருந்த போர்வையைப் பிரித்தார்.

உள்ளே ஒரு நீளப் பலகை. பலகையின் இந்த முனையில் ஒரு நடைமேடை. அந்த முனையில் ஒரு மலை. மலையில் ஒரு குகை. நடுவே தண்டவாளம்.

முன்பு இது ஓர் அறை நிறைய இருந்தது.

மனைவி வடிவு இறந்த பிறகு அந்த வீட்டை விற்றாயிற்று. மகள் பார்த்துக் கொடுத்த ஃபிளாட்டில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பலகைக்குத்தான் இடம். பழைய ரயில்கள் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. அவற்றை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். புதியவை நூற்றறுபதில் ஒரு பங்கு. கிட்டத்தட்ட பாதி.

"சின்னது பழகிடும்னு சொன்னீங்க," என்றார் சபாநாதன். "வண்டி பழகிடுச்சு. மரம், விளக்குக் கம்பம், எல்லாம் பழகிடுச்சு. இவதான் பழகலை."

உள்ளங்கையை விரித்தார்.

ஒரு நெல் அளவுக்கு ஒரு பெண். பழுப்புப் புடவை. தலை இருந்த இடத்தில் ஒரு புள்ளி.

"நீங்கதான் வரைஞ்சு தரணும். உங்க கைக்கு வரும்."

"என் கைக்கு வரும். உங்க கண்ணுக்குத் தெரியாதே."

"லென்ஸ் வச்சுப் பாத்துக்கறேன்."

"அவங்களை லென்ஸ் வச்சா பாப்பீங்க?"

சபாநாதன் உள்ளங்கையை மூடிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்தார். திறந்தார். பஞ்சு. பஞ்சுக்கு நடுவில் இன்னொரு பெண், முதலாமவளைப் போல இரண்டு மடங்கு.

பழைய அறையின் நடைமேடையில் நின்றவள்.

டீச்சர் அவளை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். கொண்டை தையல் நூல். புடவை, பசையில் நனைத்த மெல்லிய காகிதம். மூக்குத்தி இருக்க வேண்டிய இடத்தில் ஊசிமுனையால் ஒரு தொடுதல். கண்கள்கூட இருந்தன.

"ஜெர்மன்காரன் செஞ்ச பொம்பளை," என்றார் சபாநாதன். "தொப்பியும் கவுனுமா வந்தா. தொப்பியைச் சீவி எறிஞ்சுட்டுப் புடவை கட்டிவிட்டேன். வடிவு பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டிருந்தா. 'என்னைச் செய்யறதுக்கு ஒரு வெள்ளைக்காரியைக் கொன்னுட்டீங்களே'ன்னா."

ஜெரால்டு சிரித்தார்.

"அப்புறம், 'ஊர்ல எத்தனையோ இடம் இருக்கு, என்னை எதுக்கு பிளாட்பாரத்துலயே நிக்க வச்சிருக்கீங்க'ன்னு கேட்டா. வேற எங்க வைக்கிறது? நான் லீவு முடிஞ்சு கிளம்பறப்பல்லாம் அங்கதானே நிப்பா."

ஜெரால்டு பெரியவளை வாங்கி, புதிய நடைமேடையில் ரயிலின் அருகே நிறுத்திப் பார்த்தார். அவள் தலை பெட்டியின் கதவைத் தாண்டிக் கூரையருகே போய் நின்றது.

"அம்மாடி! அண்ணி நினைச்சா வண்டியை ஒத்தைக் கையால பிடிச்சு நிறுத்திருவாங்க போல."

"ஒருநாளும் நிறுத்தலையே," என்றார் சபாநாதன்.

ஜெரால்டு அவளை மெதுவாக எடுத்துப் பஞ்சில் வைத்தார்.

வெளியே நிஜ ரயில் ஒன்று கடந்தது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன.

"பெரியவ இந்த ஊர்ல நிக்க முடியாது," என்றார் சபாநாதன். "சின்னவ அவளே இல்லை. இவ இல்லாத ஸ்டேஷன் எனக்கு எதுக்கு டீச்சர்? இதையும் யாருக்காவது கொடுத்துடலாம்னு இருக்கேன். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கிளம்பறப்ப ஜன்னல்ல உக்காந்துக்குவீங்களா?"

"இல்லை. கதவுல நின்னுக்குவேன்."

"அவங்க முகம் எதுவரைக்கும் தெரியும்?"

சபாநாதன் யோசித்தார்.

"பிளாட்பாரம் தாண்டறதுக்குள்ளயே போயிடும்."

"அப்புறம்?"

"புடவை நிறம் தெரியும்."

"அப்புறம்?"

"கை. ஆட்டறாளா, சும்மா நிக்கிறாளான்னு புரியாது. ஆனா கைன்னு தெரியும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? உள்ள வந்து உக்காந்துடுவேன்."

"அவங்க?"

"வீட்டுக்குப் போயிருவா. நான் இத்தார்சி போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுவேன். நீ எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனேன்னு கேப்பேன். 'வண்டி கிளம்பினதும் வந்துட்டேங்க'ம்பா. எப்பவும் அதே பதில்தான்."

டீச்சர் அவரைப் பார்த்தார். பிறகு பலகையைத் திருப்பினார்.

நடைமேடை இருந்த முனை இப்போது மேஜையின் விளிம்புக்கு வந்தது. மலை, அறையின் தூரத்து மூலைக்குப் போனது.

மாத்திரை டப்பாவிலிருந்து பெரியவளை எடுத்தார். ரயிலுக்கு அருகில் வைக்கவில்லை. பலகையின் இந்த ஓரத்தில், விளிம்பை ஒட்டி நிறுத்தினார். அவள் முதுகு இவர்கள் பக்கம். முகம் ரயிலின் பக்கம்.

"முகமே தெரியலையே டீச்சர்," என்றார் சபாநாதன்.

டீச்சர் தன் பெட்டியைத் துழாவி, வண்ணம் பூசாத நெல் அளவு ஆள் ஒருவனை இடுக்கியால் எடுத்தார். ஒரு துளி பசை. கடைசிப் பெட்டியின் கதவில் ஒட்டினார்.

"இது யாரு?" என்றார் ஜெரால்டு.

"இத்தார்சிக்குப் போறவர்."

சபாநாதன் பெட்டிக் கதவை உற்றுப் பார்த்தார்.

"குனிங்க," என்றார் டீச்சர்.

"முட்டி ஒத்துழைக்காது."

"பிடிச்சுக்குங்க ஜெரால்டு."

ஜெரால்டின் தோளைப் பற்றிக்கொண்டு சபாநாதன் தரையில் மண்டியிட்டார். பலகை கண்ணுக்கு நேராக வந்தது.

"ஒரு கண்ணை மூடிக்குங்க. அவங்க தோளுக்குப் பக்கத்துல பாருங்க."

பார்த்தார்.

கொண்டை. பிடரி. தோளில் காகிதப் புடவையின் மடிப்பு. அதற்கு அப்பால் நடைமேடை. நடைமேடையில் ரயில்.

அவள் இப்போது பெரிதாக இல்லை. பக்கத்தில் இருந்தாள்.

"என்னங்கண்ணா தெரியுது?" என்றார் ஜெரால்டு.

சபாநாதன் கையை மட்டும் அசைத்தார், பேசாதே என்பது போல.

டீச்சர் விசையைத் திருகினார்.

ரயில் நகர்ந்தது. மிக மெதுவாக. கதவில் நின்றவனும் நகர்ந்தான். அவனுக்கு முகம் இல்லை. நிறமும் இல்லை. நடைமேடையைத் தாண்டினான். விளக்குக் கம்பங்களைத் தாண்டினான்.

அவள் நின்றாள்.

அவன் ஒரு புள்ளியானான். பிறகு பெட்டி எது, அவன் எது என்று பிரிக்க முடியவில்லை.

"இந்தப் பக்கத்துலேர்ந்து நான் பாத்ததே இல்லை," என்றார் சபாநாதன்.



ரயில் வளைந்தது. எஞ்சின் குகைக்குள் போனது. ஒவ்வொரு பெட்டியாகப் போனது. கடைசிப் பெட்டியும் போனது. உள்ளே மோட்டாரின் முனகல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

தண்டவாளம் காலியாகக் கிடந்தது.

சபாநாதன் மூடிய கண்ணைத் திறந்து, துண்டால் துடைத்துக்கொண்டார். மேஜையைப் பிடித்து எழப் போனார்.

டீச்சர் அவர் தோளில் கை வைத்தார்.

"கொஞ்சம் இருங்க."

"வண்டிதான் போயிடுச்சே, டீச்சர்."

"அவங்க இன்னும் வீட்டுக்குப் போகலை."