தையல்நாயகியின் தொலைநோக்கி

தையல்நாயகியை அவள் கணவர் ஏகாம்பரம் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போன வண்டியில் படுத்தபடியே அவள் சொன்னாள்: "வானம் முடிவில்லாததா, அளவுள்ளதா? நிரூபிக்கிறவங்க கையில என் தொலைநோக்கியக் குடுத்துடுங்க. சும்மா அடிச்சுவிடுறவங்களுக்குக் கிடையாது."

அவர் தலையாட்டினார். அவள் திரும்பவில்லை.

அந்தத் தொலைநோக்கியின் கண்ணாடியை மாதக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து அவளே உருவாக்கியிருந்தாள். அது வீட்டைவிட்டுப் போவதில் அவருக்கு விருப்பமே இல்லை. ஆனாலும் வாக்குக் கொடுத்தாயிற்று.

காரியம் முடிந்து பந்தி எழுந்ததும் இருவர் கேட்டு வந்தார்கள். ஒருவன் அவள் தம்பி மாசிலாமணி, பஸ் டிரைவர். இன்னொருவர் அவளோடு கல்லூரியில் படித்த நூர்ஜகான்.

"முடிவே கிடையாது அத்தான்," என்றான் மாசிலாமணி. "வானத்துக்கு ஓரத்துல சுவரா கட்டியிருக்கு? இருந்தாலும் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன? எவ்வளவு தூரம் சொன்னாலும் நான் இன்னொரு கிலோமீட்டர் போவேன்."

"டீசல் யாரு போடுறது?" என்று கேட்ட நூர்ஜகான், கண்ணாடி வளையல் ஒன்றைக் கழற்றி இலை எடுத்த பாயில் வைத்தார். "இதுல ஒரு எறும்பு நடக்குதுன்னு வை. சுவர் இல்ல, ஓரம் இல்ல. கிலோமீட்டர் எண்ணிக்கிட்டே போகலாம். எண்ணிக்கை முடியாது. ஆனா வளையல் என் கைக்குள்ள அடங்கிடுச்சே."

"வளையலுக்கு வெளியே இடம் இருக்கே அக்கா?"

"வளையலைவிட்டு இறங்கவே வழியில்லாத எறும்புக்கு வெளியேது? வானமும் இப்படித்தான் வளைஞ்சு வந்து சேருது. அதனால அளவுள்ளது. அண்ணே, எடுத்துக் குடுங்க."

மாசிலாமணி வளையலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஏகாம்பரத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மனைவி போனபின் அன்றுதான் அவருக்குப் பசித்தது. ஒரு சுற்று முழுவதும் மனதுக்குள் அந்த எறும்போடு நடந்துவிட்டு எழுந்தார். தொலைநோக்கிப் பெட்டியின் மேல் கை வைத்தார்.

கேட்பவர்களே, அவர் அதை யாருக்குக் கொடுப்பது நியாயம்?

இருவருக்கும் இல்லை. எண்ணிக்கைக்கு முடிவில்லை என்று மாசிலாமணி காட்டினான். எண்ணப்படும் இடத்துக்கும் முடிவில்லை என்று அது ஆகாது. ஓரம் இல்லாததும் அளவுக்குள் அடங்கலாம் என்று நூர்ஜகான் காட்டினார். அடங்கலாம் என்றால் அடங்கியிருக்கிறது என்று பொருளில்லை. வானம் வளைந்து வந்து சேர்வதை அவர் எங்கே பார்த்தார்? நம்மை வந்தடைந்த வெளிச்சம்வரைதான் நமக்குத் தெரியும். அதற்கப்பால் எப்படியும் இருக்கலாம். பெட்டியின் மேல் வைத்த கையை எடுக்காமலே ஏகாம்பரமும் இதையேதான் சொன்னார். கேட்டதும் இருவரும் அவர்மேல் பாய்ந்தார்கள். சாயங்காலம்வரை சண்டை ஓயவில்லை. தொலைநோக்கி இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது.