இன்ஸ்பெக்டர் சொன்ன ஒரே சொல்

"ஒரே ஒரு சொல் சொன்னேன், மேடம். ஊரே சிரிக்குது."

ஞானப்பிரகாசம் அப்படித்தான் வந்து நின்றார். இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். ஜிஹாதி இயக்கங்களை ஆராயும் பேராசிரியை ருகையாவுக்கு அவர் மகள் வயதுதான். இருந்தும் அவரிடம் கைகட்டிப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆள் வீம்புக்காரர்தான், பாடம் என்று வந்துவிட்டால் பெட்டிப்பாம்பு.

சந்தையில் குண்டு வெடித்த அன்று டிவிக்காரர்கள் ஞானப்பிரகாசத்தை விவாதத்துக்குக் கூப்பிட்டார்கள். தாடி வைத்த ஒருவர் புகைக்குள் ஓடும் படத்தைக் காட்டி, "இவர் எந்த இயக்கம்?" என்று கேட்டார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். இவர் மட்டும் "தெரியாது" என்றார். திரும்பத் திரும்பக் கேட்டும் அதையேதான் சொன்னார்.

"எந்த இயக்கம்னு அன்னைக்கே மனசுல பட்டுச்சு, மேடம். இப்ப பிடிபட்டவங்களும் அதே இயக்கம்தான். அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்கு எவ்வளவு பேர் கிடைச்சிருக்கும்."

"சான்று இருந்துச்சா?"

"இல்ல."

"படத்துல ஓடினவர்?"

"அவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு போலீஸ் சொல்லிடுச்சு. அடிபட்ட குழந்தையைத் தூக்கிட்டு ஓடினவராம்."

ருகையா அடுப்பில் டீ வைத்தார்.

"சர்க்கரை தீர்ந்துபோச்சு, சார். சந்தைக்குப் பின்னால ஜக்கரியா பாய் கடை இருக்கு. வாங்கிட்டு வந்துடுங்க."

மூக்குக்கு மேல் கோபம் வந்தது அவருக்கு. போனார்.

கடைக்காரருக்குக் கையில் கட்டு. முகத்தைப் பார்த்ததும் ஞானப்பிரகாசத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. படத்தில் ஓடியவர்.

"அன்னைக்கு நான் ஆஸ்பத்திரியில கிடந்தேன்," என்றார் ஜக்கரியா. "கடையைக் கொளுத்த ஒரு கூட்டம் வந்துச்சாம். எதிர்த்தாப்புல பூ விக்கிற அம்மாதான் குறுக்க நின்னுருக்கு. 'டிவியில அந்த இன்ஸ்பெக்டரே தெரியாதுங்கறாரு, உங்களுக்கு என்னடா தெரியும்'னு கேட்டுச்சாம். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டுக் கலைஞ்சுட்டாங்க. அந்த மனுஷன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றார் ஞானப்பிரகாசம்.

முதன்முதலாகக் காக்கிச்சட்டை போட்ட நாளில் நடந்த மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடந்து வந்தார். பெருமை தாங்கவில்லை. மறைக்கவும் தெரியவில்லை.

ருகையா டீயை வடிகட்டிக்கொண்டிருந்தார்.

"சர்க்கரை எங்க, சார்?"

அவர் தன் வெறுங்கையைப் பார்த்தார்.

"கடை திறந்திருக்கு, மேடம்."