விலைக்கு ஓர் உலாவி

பாளையங்கோட்டையில் ஒரு பல் மருத்துவமனையின் மாடியறையில் இருந்துகொண்டு ஜெஸிந்தா ஓர் உலாவி செய்தாள். கம்ப்யூட்டரில் இணையத்தைத் திறந்து பார்க்க எல்லோரிடமும் ஓர் உலாவி இருக்கிறது. இலவசமாகவே இருக்கிறது. ஜெஸிந்தா செய்ததற்கு விலை உண்டு. தோணி என்று அதற்குப் பெயர் வைத்தாள்.

அவளுக்கு ஒரு சீடர் இருந்தார். பெயர் நம்பிராஜன். குருவைவிட இருபது வயது மூத்தவர். ஒரு நாளிதழின் விளம்பரப் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். அதன் உள்ளூர்ப் பதிப்பை மூடியதும், "எனக்கும் இதைக் கத்துக்குடுங்க" என்று மாடியேறி வந்து நின்றார். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

தோணி வெளிவர இருந்த சமயம் அது.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"சும்மா கிடைக்கிறதை எவன் காசு குடுத்து வாங்குவான்?"

ஜெஸிந்தா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியலை அண்ணாச்சி."

நம்பிராஜன் நாற்காலியை இழுத்து அருகில் போட்டுக்கொண்டார்.

"நம்மளும் சும்மாவே குடுப்போம். ஓரத்துல ரெண்டு விளம்பரம். யாரு யாரு என்னத்தைப் பாக்காங்கன்னு மட்டும் நமக்குத் தெரிஞ்சாப் போதும், விளம்பரக்காரன் இந்த மாடிப்படியில வரிசை கட்டி நிப்பான். நான் பாத்த தொழில்லா இது!"

சொல்லும்போது அவர் முகம் ஒளிர்ந்தது. ஜெஸிந்தா இப்போது திரும்பிப் பார்த்தாள்.

"பொருட்காட்சி வருதுல்லா அண்ணாச்சி. அங்கே ஒரு ஸ்டால் போடுவோம். ரெண்டு கம்ப்யூட்டர். ஒண்ணுல இலவச உலாவி, ஒண்ணுல தோணி. நீங்களே ஜனங்களுக்குக் காட்டுங்க. அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் செய்யுதேன்."

"என்ன சொன்னாலுமா?"

"என்ன சொன்னாலும்."

நம்பிராஜனுக்குக் கால் தரையில் படவில்லை.

கால் தரையில் படாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மனைவி இறந்து பல வருஷம் தனியாக இருந்துவிட்டவர். அதே நாளிதழில் பிழை திருத்தும் வேலை பார்த்த அகிலாண்டம் என்பவரைத் திருமணம் செய்துகொள்ள விரும்பினார். கேட்டார். அகிலாண்டம் முதலில் சிரித்தார். பிறகு அழுதார். பிறகு சரி என்றார்.

மகள் செண்பகவல்லியிடம் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி. கண்ணாடி முன் நின்று அவர் ஒத்திகை பார்த்தார். "செம்பா, அப்பா ஒண்ணு சொல்வேன், கோபப்படக் கூடாது." இது சரியில்லை. "செம்பா, உனக்கு ஒரு நல்ல செய்தி." இதுவும் சரியில்லை. சரியான வாக்கியம் கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று விட்டுவைத்தார். அதற்குள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இலவச உலாவியைத் திறந்து, தன் கணக்கில் பட்டு வேட்டி பார்த்தார். பதிவுத் திருமணத்துக்கு என்னென்ன வேண்டும் என்று பார்த்தார். ஐம்பதுக்கு மேல் திருமணம் செய்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்றும் பார்த்தார்.

பொருட்காட்சி தொடங்கியது.

ராட்டினம் ஒரு பக்கம் சுற்றியது. டெல்லி அப்பளம் ஒரு பக்கம் பொரிந்தது. ஒலிபெருக்கி யாரோ தொலைத்த குழந்தையின் சட்டை நிறத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. மேசைக்குப் பின்னால் ஜெஸிந்தா நின்றாள். இரண்டு மானிட்டர்களும் கூட்டத்தைப் பார்த்து இருந்தன. அவள் பக்கம் தெரிந்ததெல்லாம் மானிட்டர்களின் முதுகும் ஒயர்களும்தான்.

நம்பிராஜன் மேசைக்கு முன்னால் நின்று கூவினார்.

"வாங்க வாங்க! ஒண்ணு இலவசம், ஒண்ணு விலைக்கு! ரெண்டையும் பாருங்க, எது வேணும்னு நீங்களே சொல்லுங்க!"

காலமெல்லாம் விளம்பரம் பிடித்த குரல். கூட்டம் சேர்ந்தது. வக்கீல் கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டிருந்த ஒரு பெண்மணி முன்வரிசையில் நின்றார். அந்த நேரம் பார்த்துச் செண்பகவல்லியும் வந்துவிட்டாள். அப்பா பேசுவதைப் பார்க்க வேண்டும் என்று பஸ் பிடித்து வந்திருந்தாள். அவளைக் கண்டதும் நம்பிராஜனுக்கு உற்சாகம் தலைக்கு ஏறியது.

"இந்த இலவச உலாவி இருக்கே, இதுக்கு நம்மளைத் தெரியும். நம்ம கணக்கைத் திறந்தாப் போதும். நமக்கு என்ன வேணும்னு அதுவே எடுத்து நீட்டும். பொண்டாட்டிக்குக்கூட அவ்வளவு தெரியாது!"

கூட்டம் சிரித்தது.

"பாக்கீங்களா? இந்தா, என் கணக்கையே திறக்கேன்."

திறந்தார். ஒரு செய்தித் தளத்துக்குப் போனார்.

செய்தி வருவதற்கு முன்பே விளம்பரங்கள் வந்தன.

மேலே, "மணமகனுக்கான பட்டு வேட்டிகள்: நீங்கள் பார்த்தது இன்னும் இருக்கிறது." வலது ஓரத்தில், "ஐம்பதைக் கடந்தவர்களின் மறுமணம்: இனியும் தனிமை எதற்கு?" கீழே, "பதிவுத் திருமணம், அலைச்சல் இல்லாமல்." அதற்கும் கீழே, மாலை போட்ட இரண்டு யானைகளுடன், "குற்றாலத்தில் தேனிலவு அறை."

முன்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் நின்றவளின் காதில் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு பின்வரிசைக்குப் பரவியது. நம்பிராஜன் மௌஸைப் பிடித்து இழுத்தார். இன்னொரு பக்கம் திறந்தது. அங்கேயும் பட்டு வேட்டி.

செண்பகவல்லி சிரிக்கவில்லை. திரையைப் படித்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் படித்தாள்.

மேசைக்குப் பின்னால் நின்ற ஜெஸிந்தா நம்பிராஜனின் முகத்தை மட்டும் பார்த்தாள். குனிந்து மானிட்டரின் ஒயரைப் பிடுங்கினாள். திரை அணைந்தது.

செண்பகவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனாள். நம்பிராஜன் பின்னால் ஓடினார்.

ராட்டினத்தின் அருகே அவளைப் பிடித்தார்.

"செம்பா…"

"யாருப்பா?"

அத்தனை ஒத்திகையும் மறந்துபோயிற்று.

"அகிலாண்டம்."

"பிழை திருத்துவாங்களே, அந்த அகிலாண்டம் அத்தையா?"

"ம்."

"நிச்சயம் பண்ணியாச்சா?"

"உன்கிட்டே சொல்லாமலா? உன்கிட்டே சொல்லத்தான்… எப்படிச் சொல்லன்னு தெரியாம…"

செண்பகவல்லி கண்ணைத் துடைத்தாள்.

"கோவமா மக்கா?"

"கல்யாணத்துக்கா? எனக்கு என்னத்துக்குக் கோவம்? நீங்க ஒத்தையில சாப்பிட்டு ஒத்தையில தட்டைக் கழுவுறதைப் பாத்துட்டுத்தானே நான் மாமியார் வீட்டுக்குப் போனேன். என்னைக்காவது ஒருநாள் நீங்க வெக்கப்பட்டுக்கிட்டே வந்து சொல்வீங்க, நான் உங்களைப் போட்டு நல்லாக் கேலி பண்ணணும்னு எத்தனை தடவை நெனச்சிருக்கேன் தெரியுமா?"

அவள் ராட்டினத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"அதை ஒரு வேட்டிக் கடைக்காரன் எனக்குச் சொல்லிட்டானேப்பா."

ராட்டினம் ஒரு சுற்று முடிந்து நின்றது. ஆட்கள் தள்ளாடி இறங்கினார்கள்.

"இனி நீங்க சொன்னாலும் அது சொன்ன மாதிரி இருக்காதுல்லா?"

"இருக்காதும்மா."

பிறகு செண்பகவல்லி மூக்கை உறிஞ்சினாள். கையை நீட்டினாள்.

"போனைக் குடுங்க."

"என்னத்துக்கு?"

"குடுங்கன்னா குடுங்க."

அவளே எண்ணைத் தேடி அழைத்தாள். மறுமுனையில் குரல் கேட்டதும் சொன்னாள்:

"அத்தை, நான் செம்பா. அப்பா உங்களுக்கு என்ன கலர் சேலைன்னு இன்னும் பாக்கவே இல்லை. தனக்கு மட்டும் வேட்டி பாத்துட்டு இருக்காரு. நீங்க இதைக் கேக்க மாட்டீங்களா?"

மறுமுனையில் எழுந்த சிரிப்பு நம்பிராஜனுக்கே கேட்டது. செண்பகவல்லியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போனுடன் அப்பளக் கடைப் பக்கம் நடந்துபோனாள். போகிற போக்கில் அப்பாவைப் பார்த்து, நீங்க உங்க வேலையைப் பாருங்க என்பதுபோல் கையசைத்தாள்.

நம்பிராஜன் ஓடியே திரும்பி வந்தார்.

கூட்டம் கலையவில்லை, கூடியிருந்தது. எல்லோரும் தோணி இருந்த கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் தன் ஊரைத் தேடினார். ஒருவர் உர விலை பார்த்தார். பார்த்து முடித்ததும் அடுத்தவர் உட்கார்ந்தார். முன்னவர் பார்த்தது எதுவும் அங்கே மிஞ்சியிருக்கவில்லை.

வக்கீல் அம்மாள் நம்பிராஜனைக் கேட்டார்.

"என் ஆபீஸ்ல கேஸ் விஷயமா ஆயிரம் பாப்பேன் சார். இது யார்கிட்டயாவது போய்ச் சொல்லுமா?"

"சொல்லாதும்மா."

"நிச்சயமா?"

"டீச்சர்கிட்டயே சொல்லாது. இதைச் செஞ்சதே அவங்கதான்."

"அப்ப என் ஆபீஸ் கம்ப்யூட்டர் அத்தனைக்கும் போட்டுக் குடுங்க."

நம்பிராஜன் மேசைக்குப் பின்னால் திரும்பி, "டீச்சர்!" என்று கத்தினார். ராட்டினத்தில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேட்டுச்சு அண்ணாச்சி," என்றாள் ஜெஸிந்தா.

அதற்குப் பிறகு அவர் உட்காரவில்லை. தொண்டை கட்டும்வரை பேசினார். ஒரு தமிழாசிரியர் வாங்கினார். மாமியாரும் மருமகளுமாக வந்த இருவர் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் தனித்தனியே வாங்கினார்கள். வாங்காமல் போனவர்களும் உண்டு. போகும்போது அவர்களும் ஒரு முறை தோணியைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

கூட்டம் ஓய்ந்தது. ஜெஸிந்தா மேசை விரிப்பை உதறி மடித்தாள்.

"அண்ணாச்சி, நீங்க என்ன சொன்னாலும் செய்யுதேன்னு சொல்லியிருந்தேன். சொல்லுங்க. விளம்பரம் போட்டுச் சும்மா குடுப்போமா?"

"வேண்டாம் டீச்சர்."

அவள் காரணம் கேட்கவில்லை. விரிப்பைப் பெட்டிக்குள் வைத்தாள்.

நம்பிராஜன் தயங்கினார்.

"அந்தத் திரையில என்ன வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியாது."

"அத்தனை பேரும் சிரிச்சாங்களே. யாரும் உங்ககிட்டே சொல்லலையா?"

"ரெண்டு பேர் சொல்ல வந்தாங்க. வேண்டாம்னுட்டேன்."

"ஏன் டீச்சர்? என்னன்னு தெரிஞ்சுக்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"தோணாம என்ன? அப்போ பிடிச்சு அதே நெனப்புதான்."

அவள் ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். இன்னொன்றில் தான் உட்கார்ந்தாள். முழங்கையைத் தொடையில் ஊன்றி, இரண்டு கைகளிலும் முகத்தைத் தாங்கிக்கொண்டாள்.

"ஆனா அது உங்க செய்தில்லா அண்ணாச்சி. உக்காந்து நீங்களே சொல்லுங்க."