டொக்குப் புலவரோட பாயிரம்

காலை மடக்காம நீட்டிப் படு குட்டிமா. அந்தப் போர்வையில பாதி எனக்குக் கொடு. கதை வேணும்னா நடுநடுவுல "ம்" சொல்லணும், சொல்லலேன்னா நிறுத்திடுவேன். செவுத்துக்குக் கதை சொல்ல அத்தைக்கு ஒண்ணும் பைத்தியம் புடிக்கல.

காவிரிக்குத் தெக்க ஒரு ஊர்ல ஒரு புலவர் இருந்தாராம். பேரு ஐயாறப்பர். ஆனா ஊர்ல அந்தப் பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது. டொக்குப் புலவர்னு கேட்டாத்தான் வழி காட்டுவாங்க. ஏன் தெரியுமா? யாராவது அவருகிட்ட வந்து பாட்டு பாடினா, கண்ணை மூடிக்கிட்டு கேப்பாரு. பாட்டுல ஒரு சீர் பிசகினாப் போதும், விரலை மடக்கி பலகையில "டொக்!" இன்னொரு தப்பு வந்தா இன்னொரு "டொக்!" நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை? அதெல்லாம் அவரு வாயில வராது. தப்பு இல்லேன்னா தட்ட மாட்டாரு, அதுதான் அவரு பாராட்டு.

அவரு கல்யாணத்துல ஊஞ்சல் ஆட்டி பொம்பளைங்க பாட்டு பாடினாங்களாம். மாப்பிள்ளை ஊஞ்சல் பலகையில டொக்கு டொக்குன்னு தட்டியிருக்காரு! பாட்டு நின்னு போச்சு. அந்தப் பொண்ணு பாவம், கொஞ்ச நாள் பொறுத்துப் பாத்தா. கோலம் போடறப்போ முணுமுணுத்தா டொக்கு, மாவாட்டறப்போ முணுமுணுத்தா டொக்கு. ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போனவ ஆவணிக்குத் திரும்பல. அதுக்கப்புறம் வரவே இல்ல.

ம்? ஆங், அப்படிச் சொல்லு.

அப்புறம் அவருகிட்ட படிக்க வந்த பசங்களும் ஒவ்வொருத்தனா கழண்டுக்கிட்டாங்க. வீடு காலி. அவரு பாட்டுக்கு உக்காந்து ஓலையில எழுத்தாணியால கிர்ர் கிர்ர்னு ஒரு புஸ்தகம் எழுதினாரு. என்ன புஸ்தகம்? பாட்டு எப்படிக் கட்டறதுன்னு சொல்ற புஸ்தகம். எந்தச் சீருக்குப் பக்கத்துல எந்தச் சீர் உக்காரலாம், முகத்தை நிலான்னு எப்படிச் சொன்னா அழகு, எப்படிச் சொன்னா அசிங்கம், எதெல்லாம் குத்தம், அத்தனையும் அதுல இருக்கு. எழுதினதைச் சத்தமா படிப்பாரு. கேக்க யாரு இருக்கா? செவுத்துல ஒரு பல்லி. அது கூட உச்சுக் கொட்டாது. தனியா இருக்கறது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது குட்டிமா. எனக்குத் தெரியும். நம்ம தும்மினா நம்மளே "நூறு வயசு"ன்னு சொல்லிக்கணும்.

எழுதி எழுதி தலை நரைச்சுப் போச்சு, புஸ்தகமும் முடிஞ்சுது. தை மாசம் பௌர்ணமிக்குப் புலவர் சபை கூடும். அங்க கொண்டுபோய்ப் படிச்சு பெரியவங்க ஒத்துக்கிட்டாத்தான் அது நூல். பத்து ஊருக்குப் போகும், பசங்க படிப்பாங்க. இல்லேன்னா பரண்ல போட வேண்டியதுதான், கரையான் படிக்கும்.

ஆனா அங்க ஒரு சட்டம். புஸ்தகத்துக்கு முன்னாடி ஒரு பாட்டு இருக்கணும். அதுக்குப் பாயிரம்னு பேரு. இன்னார் எழுதினாரு, இன்னது எழுதினாருன்னு அவரைப் புகழ்ந்து சொல்ற பாட்டு. அதை அவரே எழுதக் கூடாது. தன்னைத் தானே புகழலாமா? மூணு பேருல ஒருத்தர் எழுதணும். சொல்லிக் கொடுத்த வாத்தியார், இல்லேன்னா கூடப் படிச்சவர், இல்லேன்னா அவருகிட்ட படிச்ச புள்ளை. அதுல நூல் எழுதினவர் கையே படக் கூடாது. பட்டா அது பாயிரம் இல்ல, தற்பெருமை.

அப்போ ஐயாறப்பருக்குத் திக்குனு ஆச்சு. புஸ்தகம் இருக்கு, மனுஷங்க இல்லியே!

சுவடியைத் துணியில சுத்திக் கக்கத்துல வெச்சுக்கிட்டு சரக்கு சரக்குன்னு நடந்து முதல்ல வாத்தியாரைத் தேடிப் போனாரு. வாத்தியாருக்குத் தொண்ணூறைத் தாண்டிருச்சு, கண்ணு தெரியாது. "ஐயாறப்பனா? வாடா வாடா, சொல்றேன், எழுதிக்கோ"ன்னு சந்தோஷமா ஒரு பாட்டை ஆரம்பிச்சாரு. பல்லு இல்லாத வாயி, ரெண்டாவது அடியில ஒரு சீரு நழுவிருச்சு.

விரல் சும்மா இருக்குமா? "டொக்!"

வாத்தியார் நிறுத்திட்டாரு. வாசப்பக்கம் தலையைத் திருப்பினாரு. அப்புறம், "வாசக்கதவு சத்தம் கேட்டுதேப்பா. யாரோ கிளம்பறாங்க போல இருக்கு"ன்னாரு.

புரிஞ்சுதா? போடான்னு சொல்லாம சொல்றாரு. ஐயாறப்பர் எழுந்து வந்துட்டாரு.

அப்புறம் கூடப் படிச்ச சட்டநாதரைத் தேடிப் போனாரு. சட்டநாதர் ஆத்தோரத்துல வாழைக்குத் தண்ணி கட்டிக்கிட்டு இருந்தாரு. சலசல சலசலன்னு தண்ணி ஓடுது. "ஒரு பாட்டு வேணும்யா"ன்னு இவரு கேட்டாரு.

"பாட்டா? நான் பாட்டை விட்டுப் பல வருஷமாச்சே" அப்படின்னாரு சட்டநாதர். "ஏன்?"னு இவரு கேக்கறாரு. ஏன்னு கேக்கறதைப் பாரு! "என் முதல் பாட்டைச் சபையில படிச்சேன். நீ முன்வரிசையில உக்காந்திருந்தே. டொக்குன்னே. சபையே சிரிச்சுது. வர்ற வழியில எழுத்தாணியை இதோ இந்த ஆத்துல போட்டுட்டேன். மீனுங்க பாடினாத்தான் உண்டு, வேணும்னா அதுங்ககிட்ட கேளு."

கோவமா சொல்லல, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. அதுதான் ஐயாறப்பருக்குச் சுருக்குன்னு தைச்சுது. தட்டினது அவருக்கு ஞாபகமே இல்ல.

ம் சொல்லு. தூங்கிட்டியா? சரி சரி, கண்ணை மூடிக்கிட்டே கேளு.

அப்போ மிச்சம் யாரு? படிச்ச புள்ளைங்க. ஒருத்தன்தான் பக்கத்துல இருந்தான், மருதவாணன்னு பேரு. அவன் இப்போ பெரிய ஆளா வளந்து, கல்யாணம் பண்ணிக்கிட்டு, ரெண்டு கல்லு தூரம் தள்ளி ஒரு ஊர்ல உப்பு யாவாரம் பண்றான். இவரு போய் நின்னதும் அவன் சட்டுனு எழுந்துட்டான். கையில இருந்த உப்புப் படி கீழ விழுந்துருச்சு.

"பாயிரமா? நானா? ஐயா, எனக்கு உப்பு அளக்கத்தான் வரும். எழுதினா தளை தட்டும், உங்க விரலும் தட்டும் ஐயா!"

"எழுதுடா. எனக்கு வேற யாரும் இல்ல"ன்னாரு.

அவரு வாயில அப்படி ஒரு வார்த்தை வந்து அவன் கேட்டதே இல்ல. சரின்னு ஓலையை எடுத்துக்கிட்டு உள்ள போனான். இவரு வாசத் திண்ணையில உக்காந்திருக்காரு. உள்ள கிர்ர்னு கேக்குது, அப்புறம் படக்குனு ஓலையைக் கிழிக்கற சத்தம், மறுபடி கிர்ர், மறுபடி படக்கு. பொழுது சாயற நேரத்துக்கு வேர்த்து விறுவிறுத்து வெளிய வந்தான். வந்து, நின்னுக்கிட்டே படிச்சான்.

முதல் அடி, காவிரிக் கரையில பொறந்தவருன்னு சொல்லிச்சு. சுத்தம். ரெண்டாவது அடி, பாட்டோட வழியெல்லாம் கண்டு சொன்னவருன்னு சொல்லிச்சு. அதுவும் சுத்தம். மூணாவது அடியில என்ன சொல்லியிருந்தான் தெரியுமா? சின்னப் புள்ளையில எனக்குக் காய்ச்சல் வந்தப்போ நெத்தியில ஈரத்துணி போட்டுக்கிட்டு விடிய விடிய முழிச்சிருந்தவருன்னு. அவ்வளவையும் ஒரு அடியில திணிச்சா கொள்ளுமா? அந்த அடி தத்தக்கா பித்தக்கான்னு போய் விழுந்துச்சு.

ஐயாறப்பரோட விரல் மடங்கிருச்சு. கை திண்ணைக்கு மேல எழும்பிருச்சு. நிமிந்து பாத்தாரு. மருதவாணன் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நிக்கறான், மீசை நரைச்ச ஆளு, டொக்கு எப்போ விழும்னு காத்துக்கிட்டு. அவரு என்ன பண்ணினாரு? அந்தக் கையை எடுத்துத் தொடைக்கு அடியில வெச்சு, அது மேலயே உக்காந்துட்டாரு!

சிரிக்காதே, தூக்கம் போயிரும்.

"கொடுடா"ன்னு ஓலையை வாங்கினாரு. நாலாவது அடியை அவரு கேக்கவே இல்லியாம், அந்தக் காய்ச்சலையே நினைச்சுக்கிட்டு இருந்தாராம். அது அவருக்கு மறந்தே போயிருந்துச்சு.

அப்புறம் பௌர்ணமி வந்துது, சபை கூடுச்சு. மருதவாணன் பயந்துக்கிட்டு வரவே இல்ல. ஐயாறப்பர் தனியாப் போய் நின்னாரு. முதல்ல பாயிரத்தைப் படிச்சாங்க. முதல் அடி ஆச்சு, ரெண்டாவது அடி ஆச்சு, மூணாவது அடி வந்துது.

டொக்! டொக்! டொக்! டொக்!

சபை மொத்தமும் தட்டுது! அத்தனை பேரும் சிரிக்கறாங்க. "பாட்டு கட்டச் சொல்லித் தர்ற புஸ்தகம், வாசல்லயே கால் இடறுதே!" "நூலுக்கும் காய்ச்சலுக்கும் என்னய்யா சம்பந்தம்?" ஐயாறப்பருக்கு உடம்பெல்லாம் கூசுச்சு. அந்தச் சத்தம் எதிர்ப்பக்கத்துல நிக்கறவங்களுக்கு எப்படிக் கேக்கும்னு அன்னிக்குத்தான் அவருக்குத் தெரிஞ்சுது.

அப்புறம் நூலைப் பிரிச்சுப் படிச்சாங்க. படிக்கப் படிக்கச் சிரிப்பு அடங்கிருச்சு. ஒருத்தரும் தட்டல. எங்க தட்டறது? அவ்வளவு சுத்தம். தலைமைப் பெரியவர் சொன்னாரு, "இப்படி ஒரு நூல் வந்ததே இல்லைங்காணும். ஒத்துக்கறோம். அந்த மூணாவது அடியை மட்டும் உம்மகிட்ட படிச்சவனை எடுத்துடச் சொல்லும். அதுக்குப் பதிலா வேற ஒரு அடி அவனே எழுதித் தரட்டும்."

அவ்வளவுதான் கேட்டாங்க, ஒரே ஒரு அடி. வாழ்நாள் பூரா எழுதின புஸ்தகம் அந்தப் பக்கம், ஒரு அடி இந்தப் பக்கம்.

ஐயாறப்பர் அந்தப் பாயிர ஓலையைக் கையில எடுத்தாரு. அப்புறம் சொன்னாரு, "இந்த நூல்ல இருக்கற பாட்டெல்லாம் நான் கட்டினது. என்னை நினைச்சு ஒருத்தன் கட்டினது இது ஒண்ணுதான். இருக்கட்டும்."

"அப்போ நூல் சபை ஏறாது"ன்னாங்க.

"ஏற வேண்டாம்"னாரு. சுவடியைக் கட்டினாரு, கக்கத்துல வெச்சாரு, வந்துட்டாரு.

அழாதே குட்டிமா. இன்னும் கொஞ்சம் இருக்கு.

வர்ற வழியில பாதை ரெண்டாப் பிரியுது. ஒண்ணு அவரு வீட்டுக்கு. பூட்டின வீடு, பல்லி மட்டும் இருக்கற வீடு. இன்னொண்ணு உப்பு யாவாரி வீட்டுக்கு. அங்கயே நின்னாரு, வெயில்ல. துண்டால கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு. அப்புறம் உப்பு யாவாரி வீட்டுப் பாதையில நடந்தாரு.

மருதவாணன் வாசல்ல உப்பு அளந்துக்கிட்டு இருந்தான். அவரு கக்கத்துல சுவடி இருக்கறதைப் பாத்தான். சபை ஏத்துக்கிட்டிருந்தா அது அங்கேயே இருந்திருக்கும். அவன் மூஞ்சி செத்துப் போச்சு.

"ஐயா… என்னாலதானே?"

"ஆமாண்டா, உன்னாலதான்" அப்படின்னாரு. செருப்பைக் கழட்டி ஓரமா விட்டாரு. "சோறு இருக்கா?"

அவ்வளவுதான் குட்டிமா. கதை கை கழுவிட்டு இலையில உக்காந்துருச்சு, இனிமே அதைக் கூப்பிடக் கூடாது. நீ கண்ணை மூடு.